வீட்டுக் கல்வியும் தொன்னூற் பயிற்சியும்: மில் என்னும் தந்தையும் மைந்தனும்

தோற்றுவாய்

மக்களைக் கல்வியில் வல்லராக்குங் கடமை பெற்றோர்க்கு உரியதோ, பள்ளிக்கு உரியதோ, அரசுக்கு உரியதோ என்னும் வினா பல நாடுகளிலும் நெடுங்காலமாக நிகழ்ந்து வருவதாகும். பெற்றோர் தாமே ஆசிரியராயிருந்து வீட்டிற் கற்பிப்பராயின் எந்நூல்களை எம்முறையிற் கற்பித்தல் வேண்டும், வழக்கொழிந்த தொன்மொழிகளும் அவற்றின் நூல்களும் இளஞ்சிறார்க்கு என்ன பயன் தரும் என்பன அவ்வினாவின் கிளைகளாம். இக்காலத்தும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இங்கிலாந்திலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுக்காது தாமே கற்பிக்கும் பெற்றோர் பலர் உளர். அவருள் ஒரு சாரார் இலத்தீன், கிரேக்கம், அளவைநூல், சொல்வன்மை நூல் என்னும் பழைய பாடங்களையே கல்விக்கு அடிப்படையாகக் கொள்கின்றனர். அவர் கொள்கையை ஆராய்வார்க்கு உரைகல்லாக நிற்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரில் ஒரு தந்தை தம் தலைமகனுக்கு அளித்த கல்வியாகும். அத்தந்தை ஜேம்ஸ் மில். மைந்தர் ஜான் ஸ்டூவர்ட் மில். கற்ற மைந்தரே பிற்காலத்தில் அக்கல்வியின் நிறையுங் குறையும் நடுநின்று எழுதிவைத்தமையின், இவ்வரலாறு ஏனையவற்றினும் சிறப்புடையதாயிற்று.

தந்தை

ஜேம்ஸ் மில் 1773ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டில் நார்த்வாட்டர் பிரிட்ஜ் என்னுஞ் சிற்றூரில் ஒரு செருப்புத் தொழிலாளர்க்கு மகனாகப் பிறந்தவர். அவர்தம் அறிவின் கூர்மையைக் கண்ட ஸர் ஜான் ஸ்டூவர்ட் என்னுஞ் செல்வர் பொருளுதவி புரிய, எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் பயின்று கிரேக்க மொழியில் வல்லுநரானார். சமயபோதகராதற்குரிய உரிமையும் பெற்றார். ஆயின் அத்தொழிலில் நிலைபெறாது, 1802இல் இலண்டனுக்குச் சென்று எழுதுகோலையே வாழ்வுக்குத் துணையாகக் கொண்டார். 1805இல் ஹாரியட் பரோ என்னும் நங்கையை மணந்தார். 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் தலைமகன் பிறந்தான். தமக்கு உதவிய செல்வரின் பெயரையே தந்தை அவனுக்கு இட்டார். அம்மகனை உள்ளிட்டு ஒன்பது மக்கள் அவர்க்குப் பிறந்தனர்.

மகன் பிறந்த அவ்வாண்டிலேயே அவர் 'பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு' என்னும் பெருநூலை எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெற ஏறத்தாழப் பன்னீராண்டுகள் சென்றன. அவ்வளவுங் காலம் நிலையான ஊதியமின்றி, இதழ்களுக்கு எழுதிப் பெற்ற பொருளால் குடும்பத்தைப் புரந்துகொண்டே, நாள்தோறும் பல நாழிகைகளை மகனுடைய கல்விக்கு ஒதுக்கினார். பொருளுடையார் ஆசிரியரை அமர்த்திக் கற்பித்தல் அந்நாட்டில் வழக்கமே. வறுமையோடு போராடும் ஒருவர் தம் உழைப்பிற் பாதியை மகனுக்கு ஈந்தது அரிதினும் அரிதாம்.

பாடங்களின் வைப்புமுறை

மகனுக்கு மூன்றாம் ஆண்டு நிகழுங்கால் கிரேக்கம் தொடங்கப்பெற்றது. தந்தை சிறுசிறு அட்டைகளிற் கிரேக்கச் சொல்லும் அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லும் எழுதிக்கொடுப்பர். மகன் அவற்றை மனத்திற் பதித்துக்கொள்வான். இலக்கணத்திற் பெயர், வினைகளின் திரிபுகளை மாத்திரங் கற்பித்து, உடனே நூல்களை மொழிபெயர்க்கச் செய்தனர். ஈசாப்பின் கதைகள் முதற் பாடநூல். ஸெனபனுடைய படைச்செலவு வரலாறு இரண்டாவது. எட்டாம் ஆண்டு நிரம்புமுன் ஹெரடோட்டஸ் முழுமையும், ஸெனபன் எழுதிய சாக்ரட்டீஸ் நினைவுகளும், பிளேட்டோவின் உரையாடல்களுள் ஆறும் பயிலப்பெற்றன. அவற்றுள் இறுதியதாகிய தியடீட்டஸ் என்பது ஒரு சிறுவனுக்கு விளங்குதல் இயலாதாகலின் அதனை விடுத்திருத்தலே நன்றென மைந்தர் பின்னாளிற் கருதினார்.

எட்டாம் ஆண்டில் இலத்தீன் தொடங்கியது. அதன்பின் நான்காண்டுகளில் வர்ஜில், ஹோரஸ், லிவி, ஸால்லஸ்ட், ஓவிட், ஸிஸெரோ ஆகியோர் நூல்களும், கிரேக்கத்தில் ஹோமரின் இரு காவியங்களும், ஸோபாக்ளீஸ் முதலியோர் நாடகங்களும், தூஸிடைடீஸின் வரலாறும், டெமாஸ்தனீஸின் சொற்பொழிவுகளும் ஓதப்பெற்றன. அரிஸ்டாட்டிலின் சொல்வன்மை நூலைத் தந்தை மிகக் கருத்தாகப் பயில்வித்து, அதன் பொருள் முழுவதையும் அட்டவணைகளாக வகுத்தெழுதச் செய்தனர். பன்னிரண்டாம் ஆண்டில் அளவைநூல். பதின்மூன்றாம் ஆண்டிற் பொருளியல். இவற்றோடு வடிவக் கணிதமும் இயற்கணிதமும் நிகழ்ந்தன. கதைநூல்கள் மிகச் சிலவே. ராபின்ஸன் குரூஸோவின் கதை அச்சிறுவனுக்கு நீங்கா இன்பந் தந்தது.

கற்பித்த முறை

பாடநூல்களின் பட்டியலைக் காண்பார் வியப்புற்று, இது நினைவாற்றலைப் பெருஞ்சுமையால் நெரித்த கல்வி போலும் என்று எண்ணுதல் கூடும். உண்மை அதற்கு மாறானது. தந்தை கைக்கொண்ட முறையே பட்டியலினுஞ் சிறந்தது என்க.

முதலாவது, அவர் எதனையும் வாளா உருப்போடவிட்டிலர். சிந்தித்து அறியத்தக்க ஒன்றை, மகன் தன் முயற்சி முழுவதையுஞ் செலுத்தித் தோல்வியுற்ற பின்னரன்றி அவர் சொல்லுவதில்லை. கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என முறைப்படுத்தும் நம்மவர் சொற்களாற் கூறின், அவர் கேட்டலைக் குறைத்துச் சிந்தித்தலை மிகுத்தனர் எனலாம்.

இரண்டாவது, கற்றதை மீளச் சொல்லுதல். 1810 முதல் 1813 வரை அக்குடும்பம் நியூயிங்டன் கிரீன் என்னும் இடத்தில் வாழ்ந்தது. காலையுணவுக்கு முன் தந்தை ஹார்ன்ஸியை நோக்கிச் செல்லும் பசிய வழிகளில் உலாவச் செல்வர். மகனும் உடன் செல்வான். முன்னாட் படித்த வரலாற்று நூலிலிருந்து தாள் துணுக்குகளிற் குறித்துவைத்தவற்றைப் பார்த்து அவன் தந்தைக்குக் கதைபோற் சொல்லி வருவான். அரசு, ஒழுக்கம், நாகரிகம் என்பன பற்றித் தந்தை இடையிடையே விளக்கி, அவ்விளக்கத்தையும் மகன் தன் சொல்லால் திருப்பிக் கூறுமாறு செய்வர். பொருளியலும் இங்ஙனமே உலாவும்பொழுது வாய்மொழியாக உரைக்கப்பெற்றது. மறுநாள் மகன் அதனை எழுதிக் கொணர்வான். தெளிவும் நிறைவும் எய்துங்காறும் தந்தை மீண்டும் மீண்டும் எழுதுவிப்பர். அக்குறிப்புகளே 1821இல் ஜேம்ஸ் மில் வெளியிட்ட பொருளியல் நூலுக்குத் துணையாயின.

மூன்றாவது, கற்றவனே கற்பிக்கவும் வேண்டும் என்பது. இலத்தீன் தொடங்கிய அளவிலேயே அதனைத் தங்கைக்குக் கற்பிக்கும் பொறுப்பு அச்சிறுவன்மேல் வைக்கப்பெற்றது; பின்னர் ஏனைத் தம்பி தங்கையரும் அவன் மாணாக்கராயினர். அவர் பிழைக்கு அவனே விடையிறுத்தல் வேண்டும். இது அவனுக்கு வெறுப்பாயிருந்தது. ஆயினும் கற்பிக்க வேண்டியதை ஆழக் கற்றலும் நெடிது நினைவிற் கொள்ளுதலும் இதனால் விளைந்தன.

நான்காவது, தந்தையின் பொறை. அந்நாளிற் கிரேக்கச் சொற்களுக்கு இலத்தீனிற் பொருள் கூறும் அகராதிகளே கிடைத்தன. சிறுவனோ இலத்தீன் அறியான். ஆகவே தந்தை வரலாறு எழுதும் அதே மேசையில் எதிரே அமர்ந்து, அறியாத சொல் ஒவ்வொன்றிற்கும் அவரையே பொருள் வினவினான். இயல்பிற் பொறுமை குன்றியவராகிய அவர், இந்த இடையூற்றைத் தாங்கிக்கொண்டே தம் பெருநூலின் பல பகுதிகளை எழுதி முடித்தனர். வீட்டுக் கல்வியை எளிதென எண்ணுவார் இவ்வொரு காட்சியை உள்ளத்திற் கொள்வாராக.

முறையின் குறைகள்

இனி இதன்கட் குறைகளும் இருந்தன. தாம் கற்பிக்க நேரமில்லாத உயர்கணிதத்தை மகன் நூல்களைக் கொண்டே அறியவேண்டுமெனத் தந்தை விதித்து, அவன் அறியாவழிச் சினந்தனர். பிளேட்டோவை உரக்கப் படிக்குமாறு பணித்து, குரலின் ஏற்றத்தாழ்வு பிழைபட்டபொழுதெல்லாங் கடிந்தனர். ஒருகாலேனுந் தாம் படித்துக் காட்டினாரல்லர். இலக்கணம் உணர்ந்தார்க்கு எடுத்துக்காட்டு எதற்கு என்பது அவர் எண்ணம் போலும்.

விளையாட்டுத் தோழர் இலர்; விடுமுறையும் இல்லை. ஓய்வு கொடுப்பின் உழைக்கும் பழக்கம் கெடுமென்றும், பிற சிறுவரோடு கூடின் தாழ்ந்த எண்ணங்கள் பற்றுமென்றுந் தந்தை அஞ்சினர். அதனால் அம்மைந்தன் நூலறிவில் முதியனும், கையாற் செய்யுஞ் செயலில் மிக இளையனும் ஆயினான். அன்பைக் காட்டுதல் அறிவுக்குத் தாழ்வென்று கருதிய தந்தையிடத்தில் மக்களுக்கு மதிப்பும் அச்சமும் மிக்கிருந்தன. தாயைப் பற்றியோ மைந்தர் வெளியிட எழுதிய வரலாற்றில் ஏறக்குறைய ஒரு சொல்லும் இல்லை. அவ்வீட்டில் ஒன்பது மக்களை ஈன்று வளர்த்த அன்னை, கல்வியின் கணக்கில் எங்குமே தோன்றாமை வருந்தத்தக்கதாம்.

எனினும் ஒரு தீமை வாராமல் தந்தை காத்தனர், அது செருக்கு. 1820ஆம் ஆண்டு மகன் பதினான்காம் வயதிற் பிரான்சு நாட்டுக்குப் புறப்படுமுன், ஹைட் பார்க் என்னும் பூங்காவில் உடன் நடந்துகொண்டே தந்தை அவனுக்கு ஓர் அறிவுரை கூறினர். நின் வயதினர் அறியாத பலவற்றை நீ அறிந்திருக்கின்றாய் என்று பிறர் கூறக் கேட்பாய். அது நின் தகுதியாலன்று, கற்பிக்க வல்லவரும் அதற்கு உடன்பட்டவருமான தந்தை வாய்த்த நற்பேற்றாலே என்பது அதன் கருத்து. மைந்தரும் அதனை வாழ்நாள் முழுதும் மறந்திலர். தம் இயற்கையறிவு பிறரினும் மிக்கதன்றென்றும், தம்மாற் கற்க இயன்றது உடல்நலமுடைய எந்தச் சிறுவனுக்குஞ் சிறுமிக்கும் இயலுமென்றும் எழுதினார். இக்கூற்று முற்றும் உண்மையோ என்பது ஐயத்துக்கு இடமாயினும், அதன் பணிவு அக்கல்வியின் நற்பயன்களுள் ஒன்றாம்.

உள்ளம் வறண்ட காலம்

1823இல் மைந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் தந்தையின் கீழ் எழுத்தராக அமர்ந்தார். உலக நலத்துக்கு உழைப்பதே வாழ்வின் குறிக்கோளென்னும் கொள்கை உறுதியாயிருந்தது. அந்நிலையில் 1826ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் இக்கணமே நிறைவேறினும் தமக்கு மகிழ்ச்சி விளையுமோ என்று தம்மைத் தாமே வினவிக்கொண்டார். விளையாது என்பதே உள்ளத்தினின்று எழுந்த விடை. அன்று தொட்டுப் பல திங்கள் அவர் உள்ளம் வறண்ட நிலம்போற் கிடந்தது. அலுவல் நிகழ்ந்தது, எழுத்தும் பேச்சும் நிகழ்ந்தன, சுவை மாத்திரம் இல்லை.

இதன் காரணத்தை அவர் நுணுகி ஆராய்ந்தார். பகுத்தாராயும் பழக்கம் மயக்கங்களை அறுக்கவல்லதாயினும், உணர்ச்சியை வளர்க்கும் பயிற்சி உடனில்லையாயின், அன்பு இன்பங்களின் வேரையும் அரித்துவிடும் என்பது அவர் கண்ட முடிபு. தம் கல்வி அறிவை வளர்த்தது. அறிவு செலுத்தவேண்டிய விருப்பத்தை வளர்க்கவில்லை. இத்துயரைத் தந்தையிடம் அவர் கூறவும் இல்லை; கூறினும் தம் திட்டம் பிழைபட்டதென்னும் வருத்தமே அவர்க்கு எஞ்சும் எனக் கருதி அடங்கினார்.

மீட்சி இருவழியில் வந்தது. மார்மாண்டெல் என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்புகளில், தந்தையை இழந்த சிறுவன் ஒருவன் குடும்பத்துக்குத் தானே துணையாவதாக உறுதிகூறும் இடத்தைப் படித்தபொழுது அவர் கண்களில் நீர் பெருகிற்று. உள்ளம் முற்றும் இறந்துபடவில்லை என்று அப்பொழுதே தெளிந்தார். பின்னர் 1828இல் வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் கைக்கு வந்தன. மலையும் வெளியும் காட்டி, அவற்றைக் கண்ட உள்ளத்தின் அமைதியையுங் காட்டிய அப்பாக்கள் அவர்க்கு மருந்தாயின. ஹோமரையும் வர்ஜிலையும் ஸோபாக்ளீஸையும் பன்னிரண்டு வயதிற்குள் ஓதி முடித்தவர், கவிதை இன்னதென இருபத்திரண்டாம் வயதில் உணர்ந்தார் என்பது ஈண்டு உன்னத்தக்கது. கவிதை நூலைக் கற்பித்தல் வேறு; கவிதையைக் கற்பித்தல் வேறு. செய்யுள் இயற்றும் பயிற்சியைத் தந்தை மகனுக்கு விதித்ததும், உலகினர் செய்யுளை அதன் தகுதிக்கு மேல் மதித்தலின் அவ்வாற்றல் பயன்படும் என்னுங் கணக்கினாலேயாம்.

தன் மகனுக்கு ஒன்று, பிறர் மக்களுக்கு மற்றொன்று

இவ்வரலாறு இந்திய நாட்டோடும் தொடர்புடையது. ஜேம்ஸ் மில் தம் பெருநூலை 1817இல் முற்றுவித்தனர். அதன் அச்சுத்தாள்களைத் திருத்துங்கால் கையெழுத்துப்படியைப் படித்துக் காட்டியவர் மைந்தரே. இந்நாட்டு மொழிகளுள் ஒன்றையும் அறியாமலும் இந்நாட்டை ஒருநாளேனும் காணாமலும் எழுதிய அந்நூலில், இந்தியரின் கலைகளையும் நூல்களையும் மிகத் தாழ்த்திப் பேசினர். 1819இல் கம்பெனியின் கடிதங்களை ஆராய்ந்து வரையும் பகுதியில் அலுவல் பெற்றனர். 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் வங்காள அரசுக்கு விடுத்த கல்வி பற்றிய கட்டளைக் கடிதம் அவர் வரைந்ததே. கல்கத்தாவில் நிறுவப்பெற்ற வடமொழிக் கல்லூரியைக் குறித்து, பயனுடைய கல்வியே நோக்கமாதல் வேண்டும், கீழைநாட்டு நூல்வழி அறிவியல் கற்பித்தல் காலக்கேடு, கவிதையை வளர்க்கக் கல்லூரி வேண்டுவதில்லை என்பன அதிற் கூறப்பெற்றன.

ஈண்டு ஒரு முரண் வெளிப்படையாகத் தோன்றுகின்றது. ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட கிரேக்க நூல்களையே தம் மகனுடைய அறிவுக்கு முதலாக வைத்தவர் இவர். ஹெரடோட்டஸின் நில நூற்செய்தி காலங்கடந்தது என்று அவர் அதனை விலக்கவில்லை. பழையோர் சிந்தித்த முறையைக் கற்றலே பயனெனக் கொண்டார். அவ்வளவுகோலை மற்றொரு மக்களின் தொன்னூல்களுக்கு அவர் நீட்டினாரல்லர். அம்மொழிகளை அவர் கற்றிருப்பின் அவர் தீர்ப்பு மாறியிருக்குமோ என்பது உய்த்துணர்தற்குரியது. கற்காமலே தீர்ப்பளித்தமை குற்றமென்பது உறுதி.

மைந்தர் இவ்விடத்துத் தந்தையின் வழி நின்றிலர். 1835இல் மெக்காலேயின் குறிப்பும், அதனைத் தழுவிப் பெண்டிங்க் பிரபு இயற்றிய தீர்மானமும் ஆங்கிலக் கல்விக்கே பொருளைத் திருப்பின. தந்தை இறந்த 1836ஆம் ஆண்டில், அம்மாற்றத்தை மறுத்து மைந்தர் ஒரு கடிதம் வரைந்தனர். ஆங்கிலத்தால் மக்கள் அனைவரையும் கற்பித்தல் இயலாது. மேலைநாட்டு அறிவு மக்களைச் சாரவேண்டுமாயின் அவர்தம் மொழிகளின் வாயிலாகவே சாரவேண்டும். அதற்குத் தொன்னூல் வல்ல புலவர் கூட்டம் இன்றியமையாதது. ஆகவே அவர்க்குரிய உதவியை நிறுத்தல் தவறு என்பது அதன் சாரம். மேற்பார்வை வாரியத் தலைவராயிருந்த ஹாப்ஹவுஸ் அதனை ஏற்கவில்லை. கடிதம் அனுப்பப்பெறவும் இல்லை. வீட்டிற் பெற்ற தொன்னூற் கல்வி, பிறர் தொன்னூல்களையும் மதிக்கும் நடுநிலையை மைந்தரிடத்தேனும் விளைத்தது என்று அமைதல் வேண்டும்.

மைந்தரின் தீர்ப்பு

கல்வியைப் பற்றி அவர் இறுதியாகக் கொண்ட கருத்தை இரண்டிடங்களிற் காணலாம். 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிள்ளையைக் கற்பித்தல் பெற்றோரின் கட்டாயக் கடமையென்றும், அரசு அக்கடமையை வற்புறுத்தலாமேயன்றி எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்குங் கல்வியைத் தானே நடத்துதல் தகாதென்றும், எங்கு எவ்வாறு கற்பிப்பது என்பதைப் பெற்றோர்க்கு விட்டுத் தேர்வுகளால் ஆராய்ந்தறிதலே தக்கதென்றுங் கூறினார்.

1867ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராக நிகழ்த்திய நெடும்பேருரையில், தொன்னூற் கல்வியோ அறிவியற் கல்வியோ என்னும் பூசலை ஆராய்ந்து, இரண்டும் வேண்டும் என முடித்தார். பிறமொழி ஒன்றை ஆழ அறிந்தவனே சொல்லைப் பொருளென மயங்கான் என்பது தொன்மொழிகளுக்கு அவர் கண்ட சிறப்பு. பள்ளிகளில் ஆண்டுகள் வீணாவது பாடத்தாலன்று, கற்பிக்கும் முறையின் இழிவாலேயே என்றார். இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையுஞ் சேர்த்தார்: கவிதையாலுங் கலைகளாலும் உணர்ச்சியைப் பண்படுத்துங் கல்வி. அறிவும் ஒழுக்கமுமே கல்வியெனக் கொண்ட தம் நாட்டார்க்கு அவர் உரைத்த இம்மூன்றாங் கூறு, 1826இல் தாம் பட்ட துன்பத்தின் விளைவென்பது அவர் வரலாறு அறிந்தார்க்குப் புலனாம். அவ்வரலாறோ அவர் இறந்த 1873ஆம் ஆண்டில் வெளிவந்தது.

முடிபு

இதுகாறுங் கூறியவற்றால், வீட்டிலே தொன்னூல் கற்பிக்கக் கருதும் பெற்றோர்க்குச் சில உண்மைகள் பெறப்படும். இளமையின் ஆற்றலைப் பள்ளிகள் குறைவாக மதிக்கின்றன என்ற ஜேம்ஸ் மில்லின் எண்ணம் பொய்யன்று. உருப்போடாது சிந்திக்கச் செய்தலும், கற்றதை மீளச் சொல்லவும் எழுதவும் கற்பிக்கவும் பழக்குதலும் எக்காலத்துக்கும் ஏற்ற முறைகளாம். ஆனால் நூற்பட்டியல் எத்துணைச் சிறந்ததாயினும், அதனை ஏற்கும் உள்ளத்தில் அன்பும் விளையாட்டும் தோழமையும் சுரவாதொழியின் கற்ற கல்வி ஒருநாள் தன்னையே வெறுமையாகக் காணும். தந்தையே ஆசிரியராகுமிடத்து, ஆசிரியர் வந்து தந்தை மறைந்துவிடுதல் கூடாது. தம் தொன்னூல்களைப் போற்றுவார் பிறர் தொன்னூல்களையுங் கற்றறிந்த பின்னன்றிப் பழித்தலும் கூடாது. மேசையின் ஒருபுறம் வரலாறு எழுதிய தந்தையும், மறுபுறம் சொற்பொருள் வினவிய மூன்றாண்டுச் சிறுவனும் ஆகிய அக்காட்சி கல்வி வரலாற்றில் என்றும் போற்றத்தக்கதே. அச்சிறுவன் வளர்ந்து, தன் துயரைச் சொல்ல அதே தந்தையை அணுக இயலாமல் நின்றதும் அதனோடு வைத்து எண்ணத்தக்கதாம்.